லைற் போட்டால் ரேடியோ கரகரக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி): காருக்கு எல்.ஈ.டி. ஹெட்லைற் பல்ப் போட்ட நாளிலிருந்து, லைற் எரிந்தால் எப்.எம். கரகரக்கிறது. சீனன்குடா தாண்டிக் கந்தளாய்ப் பக்கம் போகப் போக ஒன்றுமே கேட்பதில்லை. அன்ரெனாவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: காசைச் செலவழிக்காதீர்கள். கோளாறு பல்பின் டிரைவரில், அதாவது பல்புக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் சிறு மின்சுற்றில் இருக்கிறது. அது மின்னோட்டத்தை நொடிக்கு இலட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வேகத்தின் மடங்குகளில் பிறக்கும் அலைகள் எப்.எம். வரும் 88–108 மெகாஹேர்ட்ஸ் வரை ஏறுகின்றன. பல்புக்குப் போகும் வயரே அவற்றைப் பரப்பும் அன்ரெனா ஆகிவிடுகிறது. மலிவான பல்புகளில் இதைத் தடுக்கும் வடிகட்டியை மிச்சம் பிடித்து விடுகிறார்கள். நிலையத்தின் அலை மெலிகிற இடத்தில் இரைச்சல் மேலோங்குவது அதனால்தான்.

முதலில் எஞ்சினை நிறுத்தி லைற்றை மட்டும் போடுங்கள். ஒரு பல்பைக் கழற்றிப் பாருங்கள், பிறகு மற்றதை. யூ.எஸ்.பி. பாட்டிலும் அதே இரைச்சல் வந்தால் அது பவர் வயர் வழியாக வருகிறது. ரேடியோவில் மட்டும் என்றால் அன்ரெனா வழியாக. அக்சிலேற்றரோடு ஏறி இறங்கும் கீச்சொலி என்றால் அது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்ரனேற்றர், வேறு கதை.

அடுத்தது பெரைற் வளையம், அதாவது வயரில் போட்டால் இரைச்சல் அலைகளை அடக்கும் காந்தப்பொருள் வளையம். '31' ரகப் பெரைற் நல்லது. பிளஸ், மைனஸ் இரண்டு வயரையும் சேர்த்தே 2 அல்லது 3 சுற்றுச் சுற்றி, டிரைவரிலிருந்து 5 சென்ரிமீற்றருக்குள் பூட்டுங்கள். பலர் பிளஸ் வயரை மட்டும் வளையத்துக்குள் விடுகிறார்கள். 30 வாற் பல்பு இழுக்கும் 2.5 அம்பியர் அந்த வளையத்தைக் காந்தத்தால் நிரப்பித் தெவிட்டச் செய்துவிடும், பலன் கிடைக்காது. டிரைவர் தனிப் பெட்டியாக இருந்தால் பெட்டிக்கும் பல்புக்கும் இடையிலும் ஒரு வளையம் வேண்டும்.

அதற்கும் அடங்காவிட்டால் டிரைவரின் உள்வரும் பிளஸ்–மைனஸுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபரட், 100 வோல்ட் செரமிக் கப்பாசிற்றர் ஒன்று. கால்களை 1 சென்ரிமீற்றருக்கு மேல் விடாதீர்கள்; நீண்ட கால் அந்த அலைவரிசையில் கப்பாசிற்றரின் வேலையையே கெடுத்துவிடும். கப்பாசிற்றர் ஷோர்ட் ஆனால் காப்பாற்றப்போவது பியூஸ்தான், ஆகவே பியூஸைத் தாண்டி வயர் இழுக்கவே கூடாது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: உப்புக்காற்று. அன்ரெனா அடியைக் கழற்றிப் பாருங்கள், பச்சைப் பாசிபோல் படிந்திருக்கும். உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, பல் வொஷர் வைத்து இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். அன்ரெனாக் கேபிளின் வெளிக் கம்பிச் சுற்றுக்கும் காரின் பொடிக்கும் (உடல் தகட்டுக்கும்) இடையே மீற்றரில் 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும்.

சில பல்புகள் எதற்கும் அடங்கா. அவற்றைக் கழற்றிவிட்டுப் பழைய ஹலோஜனையே போடுவது மேல். புதிதாக வாங்குவதென்றால் கடையிலேயே 12 வோல்ட் பற்றரியில் எரியவிட்டு, பக்கத்தில் சிறிய பற்றரி ரேடியோவை வைத்துக் கேளுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதைவிட அது நம்பிக்கையானது.

கேள்வி (கிண்ணியா): எனது ஜப்பான் வாகனத்தின் ரேடியோவில் நம் எப்.எம். நிலையங்களை எடுக்க உதவும் எக்ஸ்பாண்டர் பெட்டி பூட்டியிருக்கிறது. அதனாலும் இரையுமா?

பதில்: இரையும். எக்ஸ்பாண்டரைக் கழற்றி அன்ரெனாவை நேரே ரேடியோவில் குத்தி, ரேடியோவை நிலையம் இல்லாத அலைவரிசையில் வைத்து லைற்றைப் போட்டுப் பாருங்கள். லைற்றோடு வரும் இரைச்சல் நின்றால் அது அந்தப் பெட்டி வழியாகத்தான் நுழைகிறது. அதன் பவர் வயருக்கு ஒரு பெரைற் போட்டு, பெட்டியின் எர்த்தைப் பொடியில் நேரே இறுக்கி, லைற் வயர்களிலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.