பேரிடர் எச்சரிக்கைக்கு அரசு செலவழிக்கும் கோடிகள் உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகின்றனவா?

காப்பாற்றுகின்றன. ஆனால் எச்சரிக்கை, சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கும் ஹைதராபாத்தில் கிளம்பி எங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வந்து சேரும்வரைதான் பணம் செலவாகிறது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வருவதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் நிலம் நடுங்கியபோது நம் நேரப்படி காலை 6.29. எங்கள் கரைக்கு சுனாமி அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. எங்கள் தெருவிலிருந்து மேற்கே இருக்கும் தார் ரோட்டுக்கு நடந்தே கால் மணி நேரத்தில் போய்விடலாம். என் அத்தை அந்த நேரத்தில் கரையில் மீன் ஏலத்துக்காகக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்வதற்கு ஒரு குரல் இல்லை.

அதே காலையில் புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு கிராமத்தில் நடந்தது வேறு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையம் நடத்திவந்தது. அலை உயரம் எவ்வளவு, காற்று எப்படி என்று இணையத்தில் பார்த்து, தினமும் ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்தி தெரிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் அந்த மையத்துக்கு ஓடி, அதே மைக்கில் எல்லோரையும் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் கட்டுமரங்களும் போயின. 3,600 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் உயிர் பிழைத்தது.

அந்த ஸ்பீக்கர் சுனாமிக்காக வைத்தது கிடையாது. தினமும் கடல் நிலவரம் சொன்ன ஸ்பீக்கர். அதனால்தான் அன்றைக்கு அது வேலை செய்தது, எங்கே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, குரலைக் கேட்டதும் ஜனங்கள் நம்பினார்கள். அரசு எதற்குப் பணம் ஒதுக்கவேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது நல்லவாட்டைத்தான்.

சரி, சுனாமிக்குப் பிறகு அரசு சும்மா இருந்ததா என்றால், இல்லை. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனத்தில் சுமார் 125 கோடி ரூபாயில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைத்து, 2007 அக்டோபரில் திறந்தார்கள். நில அதிர்வுமானிகள், கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோர அலைமானிகள் எல்லாம் அதோடு இணைந்தவை. நிலநடுக்கம் வந்தால் பத்து நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பு வரவேண்டும் என்பது கணக்கு. இன்றைக்கு இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு எச்சரிக்கை தரும் மூன்று மையங்களில் இதுவும் ஒன்று. இந்தச் செலவை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன்.

2012 ஏப்ரல் 11-ஆம் தேதி மதியம் சுமத்ரா பக்கம் மறுபடியும் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. மையம் எச்சரிக்கை கொடுத்தது. அன்று பாறைத்தட்டுகள் மேலும் கீழும் எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை. ஆனால் அன்று எங்கள் குப்பத்துக்கு விஷயம் எப்படித் தெரிந்தது தெரியுமா? டிவி பார்த்து. கரண்ட் இருந்த வீட்டில் பார்த்தவர்கள் தெருவில் கத்திக்கொண்டே ஓடினார்கள்.

அப்புறம் எங்கள் ஊருக்கும் ஒரு சைரன் கம்பம் வந்தது. சோலார் தகடு, பேட்டரிப் பெட்டி, உச்சியில் நான்கு கொம்பு ஸ்பீக்கர். திறப்பு விழாவன்று ஊளையிட்டுக் காட்டினார்கள். உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பது கடற்கரையில் வீடு கட்டியவனுக்குத் தெரியும். மூன்றாவது மழைக்காலம் முடிந்து பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது, ஒயரை எலி கடித்திருந்தது. மனு கொடுத்தோம். கம்பம் வைத்ததோடு அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, பராமரிப்புக்கு நிதி இல்லை என்று பதில் வந்தது. யாரோ கெட்டவர் செய்த வேலை இல்லை இது. வாங்குவதற்கு ஒரு தலைப்பில் பணம் வரும், பேட்டரி மாற்ற எந்தத் தலைப்பிலும் வராது.

ஒடிசாவைப் பார்க்கிறேன். 1999 சூப்பர் புயலில் பத்தாயிரம் பேர் வரை செத்த மாநிலம். இப்போது ஆறு கடலோர மாவட்டங்களில் 122 சைரன் கோபுரங்கள் நிற்கின்றன. ஆனாலும் 2013-ல் பைலின் புயலுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்த முடிந்தபோது இந்தக் கோபுரங்கள் இல்லை, அவை 2018-ல்தான் வந்தன. பைலினில் கைகொடுத்தது புயல் பாதுகாப்பு மையங்களும், வருஷாவருஷம் நடந்த ஒத்திகையும், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிய தன்னார்வலர்களும்தான்.

கடலுக்குள் இருப்பவனுக்கு இது எதுவும் கேட்காது. 2017-ல் ஒக்கி அதைத்தான் காட்டியது. நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையே புயல். ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கப் போன குமரி மாவட்டப் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே கரையைவிட்டுப் போயிருந்தன. கரையிலிருந்து கொஞ்ச தூரம் தாண்டினாலே செல்போன் சிக்னல் செத்துவிடும், புயல் வருகிறது என்று அவர்களிடம் சொல்ல வழியே இல்லை. பிறகு வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கித் தரும், பதில் அனுப்ப முடியாது. 2024-ல் பெரிய அளவில் தொடங்கிய திட்டத்தில், சுமார் 360 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் என்ற இருவழிச் செய்திக் கருவியை இலவசமாகத் தருகிறார்கள். ஆபத்தில் இருப்பவன் கரைக்கும் சொல்லலாம். நல்ல திட்டம் என்று மனசாரச் சொல்கிறேன், ஆனால் கருவி பழுதானால் துறைமுகத்திலேயே சரிசெய்ய ஆள் இருக்கவேண்டும்.

2023 அக்டோபர் 20 உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்க செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறின. மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா அரிவாள்மனையைவிட்டு எழுந்து நேராகக் கடலைப் பார்க்க வாசலுக்கு ஓடினார். அது சோதனைச் செய்திதான். எஸ்எம்எஸ் போல ஒவ்வொரு எண்ணாகப் போகாமல், டவர் தன் எல்லையில் உள்ள எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை இது. நெரிசலில் சிக்காது என்பதால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் டவருக்கும் கரண்ட் வேண்டும். புயலில் முதலில் சாய்வது மின்கம்பம். அதனால் போன் வந்துவிட்டது, இனி ஸ்பீக்கர் எதற்கு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது எங்கள் ஊரில் நடப்பதைச் சொல்கிறேன். தினமும் விடியற்காலை நான்கரைக்கு என் பெரியப்பா மகன் மாரியம்மன் கோயில் மைக்கைப் போடுகிறார். போனில் வந்த இன்காய்ஸ் அறிவிப்பைப் பார்த்து, "இன்னிக்கு அலை ஒன்றரை மீட்டர், வாடை பலமா இருக்கு, ஃபைபர் படகுக்காரங்க பார்த்துப் போங்க" என்று சொல்வார். சம்பளம் கிடையாது. போன மழையில் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனபோது ஊர்ப் பஞ்சாயத்தார் வீட்டுக்கு நூறு ரூபாய் வரி போட்டு வேறு வாங்கினார்கள். வாங்கும்வரை பதினொரு நாள் ஊர் எதுவும் கேட்காமல் கடலுக்குப் போனது. அந்த ஆம்ப்ளிஃபயருக்கும், ஒரு பேட்டரிக்கும், மைக் பிடிப்பவருக்கு மாதம் ஒரு சிறு தொகைக்கும் அரசு நிதியில் நிரந்தரமாக ஒரு செலவுத் தலைப்பு எழுதச் சொல்லுங்கள். அடுத்த தேர்தலுக்கு யார் எங்கள் தெருவுக்கு வந்தாலும் நான் கேட்கப்போவது அதைத்தான்.