சோமாலியாவின் சாப்பாட்டுத் தட்டு

கேள்வி: சென்ற இதழில் சோமாலியாவின் பாரம்பரிய உணவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பஞ்சத்துக்குப் பேர்போன நாட்டில் பாரம்பரிய உணவு எங்கிருந்து வந்தது? அவர்கள் சாப்பிடுவதும் இத்தாலிக்காரன் விட்டுப்போன மக்ரோனிதானாமே! உருப்படியாக வேறு எதையாவது எழுதக் கூடாதா?
– வாசகர், விருதுநகர்

பதில்: எழுதலாம். முதலில் இதை முடித்துவிடுவோம்.

ஒல்லியாக ஒரு பையனைப் பார்த்தால் 'சோமாலியா' என்று கூப்பிடுகிற கெட்ட பழக்கம் நம் ஊரில் உண்டு. உங்கள் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. 1331இல் சோமாலியாவின் மொகதிஷுவில் போய் இறங்கிய மொராக்கோப் பயணி இப்னு பதூதா என்ன எழுதிவைத்தார் தெரியுமா? இந்த ஊரில் ஒரு ஆள் சாப்பிடுவதை எங்களில் ஒரு கூட்டமே சாப்பிடும், எல்லாரும் நல்ல பருமன் என்கிறார். அவருக்குக் கிடைத்த விருந்தையும் சொல்கிறார். பெரிய மரத்தட்டில் நெய்ச்சோறு. அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறி. காய் வாழையைப் பாலில் வேகவைத்து ஒரு கிண்ணம். தயிர், எலுமிச்சை ஊறுகாய், பச்சை இஞ்சி, மாங்காய். ஒரு வாய் சோறு, ஒரு கடி ஊறுகாய். படித்தால் நமக்கே பசிக்கும்.

பஞ்சம் பொய் என்று சொல்லவில்லை. 1992இலும் 2011இலும் தொலைக்காட்சியில் நாம் பார்த்தது நிஜம். ஆனால் 1992இல் மழை பொய்த்தது மட்டுமா காரணம்? அதற்கு முந்தைய ஆண்டு அரசு கவிழ்ந்து, ஆயுதக் குழுக்கள் ஜுபா, ஷபெல்லி ஆறுகளுக்கு நடுவே இருந்த விவசாயிகளின் தானியத்தைக் கொள்ளையடித்தன. நாட்டுக்குச் சோளம் விளைவித்துக் கொடுத்த பைதோவா பகுதியிலேயே சாவு அதிகம். 1876-78இல் தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜில்லாக்களில் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதை வைத்துத் தமிழனுக்குச் சமையல் தெரியாது என்று எவனாவது எழுதினால் விடுவீர்களா?

சொல்லப்போனால், வறட்சியை முன்கூட்டியே கணக்கில் வைத்து உண்டான சமையல் அது. மேய்ச்சல்காரர்களின் முதல் உணவு ஒட்டகப் பால். ஆடும் மாடும் மடி வற்றிய பிறகும் ஒட்டகம் கறக்கும். பாலை வைக்கும் பின்னல் குடுவையை உள்ளே புகை காட்டித்தான் நிரப்புவார்கள். கெடாமல் இருக்கும், புகைமணமும் ஏறும். புளிக்கவைத்தும் குடிப்பார்கள். வந்தவருக்கு முதலில் நீட்டுவதும் பால்தான். அப்புறம் முக்மத். இறைச்சியைப் பொடியாக நறுக்கி, வெயிலில் காயவைத்து, பொரித்து, நெய்யில் மூழ்கவைத்துவிடுவது. குளிர்பெட்டி வேண்டாம், மாதக்கணக்கில் இருக்கும்.

வடக்கே சோமாலிலாந்துப் பக்கம் இதே முக்மத் கல்யாணச் சீராகவும் போகிறது. பாத்திரத்தில் நிரப்பி, பேரீச்சம்பழ விழுதால் மூடி, மணப்பெண்ணைப் போல உடுத்தி, கயிற்றால் சிக்கல் சிக்கலாகக் கட்டி அனுப்புவாள் பெண்ணின் தாய். பெயர் ஹேடோ. மாப்பிள்ளை வீட்டார் கயிற்றை அறுக்காமல் முடிச்சின் நுனியைக் கண்டுபிடித்து அவிழ்க்க வேண்டும். முடியாவிட்டால் ஊரே சிரிக்கும், அபராதமும் உண்டு. சம்பந்திகளைச் சோதிக்க இதைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை!

அன்றாடம் என்றால் காலையில் அன்ஜீரோ. இரவே கரைத்துப் புளிக்கவைத்த மாவை, நாம் தோசை வார்ப்பதுபோல நடுவிலிருந்து சுழற்றி ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவார்கள். திருப்புவதில்லை. நல்லெண்ணெயும் சர்க்கரையும் ஊற்றி, மேலே ஏலக்காய்த் தேநீரையும் விட்டு ஊறவைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஈரல் வறுவலோடு சாப்பிடுகிறவர்களும் உண்டு. பெரிய சாப்பாடு மதியம்தான். இரவுக்குப் பலர் வீட்டில் மணிக்கணக்கில் வெந்த சிவப்புப் பயறு, எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து. அம்பூலோ என்பார்கள்.

சரி, உங்கள் மக்ரோனிக்கு வருவோம். தெற்கு சோமாலியாவை இத்தாலி ஆண்டது உண்மை. 1941இல் பிரிட்டிஷார் விரட்டிய பிறகும், 1950 முதல் 1960 வரை ஐ.நா. பொறுப்பாட்சி என்ற பெயரில் இத்தாலியர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் போனார்கள், பாஸ்தோ (பாஸ்தாவுக்கு சோமாலியர் சொல்லும் பெயர்) தங்கிவிட்டது. ஆனால் அதன் குழம்பில் சீரகம், மல்லி, மிளகு, ஏலம், கிராம்பு எல்லாம் அரைத்த ஹவாஷ் பொடி விழுகிறது. பக்கத்தில் ஒரு வாழைப்பழம். ரோமாபுரியில் இப்படி ஒரு தட்டை வைத்தால் சமையல்காரன் அழுதுவிடுவான். அந்தப் பழத்தையும் இத்தாலிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஏற்றுமதிக்காகப் பெருந்தோட்டம் போட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் 1331 விருந்திலேயே வாழை இருந்ததை மேலே பார்த்தோம்.

நீங்கள் உண்மையிலேயே குறை சொல்ல விரும்பியிருந்தால் மீனைப் பிடித்திருக்கலாம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருந்தும், உள்நாட்டு மேய்ச்சல்காரர்கள் மீனை மதிப்பதில்லை. ஒட்டகம் இல்லாதவன் சாப்பாடு என்று ஒரு இளக்காரம். 1974-75 வறட்சியில் மந்தையை இழந்தவர்களில் ஒரு பகுதியினரை அன்றைய ஆட்சியாளர் சியாத் பாரேயின் அரசு பராவே, எய்ல் போன்ற கடலோர ஊர்களில் மீனவர்களாகக் குடியேற்றியது. மழை வந்ததும் பலர் ஒட்டகத்தைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். பாரம்பரியம் மனிதனை எப்படிக் கட்டிப்போடும் என்பதற்கு இது உதாரணம், பாரம்பரியமே இல்லை என்பதற்கு அல்ல.

கென்யாவின் நைரோபிப் பக்கம் போக வாய்த்தால், சோமாலியர் நிறைந்த ஈஸ்ட்லீயில் ஒரு மதியம் உட்காருங்கள். இறைச்சியோடு பரீஸ் என்ற மசாலாச் சோறு வரும், கூடவே வாழைப்பழம். சாப்பிட்டு முடித்தபின் உரிக்கலாம் என்று ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். சோற்றோடு சேர்த்துக் கடிக்க வேண்டும்.