வெளிநாட்டுப் பயணத்தில் தெருக்கடைச் சாப்பாட்டை ருசித்ததுண்டா? எவ்வளவு செலவானது?

2025 ஜூனில் பத்து நாள் மலேசியா போயிருந்தேன். கோலாலம்பூரில் இரண்டே நாள். மீதி எட்டு நாளும் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்கிற தோட்டத்து ஊரில், அத்தை வீட்டில். அப்பாவின் பெரியப்பா முசிறிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். அவருடைய மகள்தான் இந்த அத்தை. இருபத்திரண்டு வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அதனால் என் பதில் முழுக்க அந்த ஊர்க் கடைகளைப் பற்றியதுதான்.

மலேசியப் பணமான ரிங்கிட்டை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்கிறார்கள். நான் போனபோது ஒரு வெள்ளி ஏறக்குறைய 20 ரூபாய். காலையில் பார்ப்பவர்கள் எல்லாம் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். "டிபன் ஆச்சா" என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சொல் அவ்வளவு இதமாக இருந்தது.

முதல் நாள் ஒன்பதரைக்கு எழுந்து கடைத்தெருவுக்குப் போனால் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு தீர்ந்துவிட்டது. அத்தை சொன்னார்: "பத்து மணிக்கு யாருப்பா உனக்கு வெச்சிருப்பா? அது மரம் வெட்டப் போறவங்க சாப்பாடு." காரணம் பிறகுதான் புரிந்தது. வெயில் ஏற ஏற ரப்பர் மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே வெட்டப் போவார்கள். இப்போது சுற்றுவட்டாரத்தில் ரப்பரை விடச் செம்பனைதான், அதாவது பாமாயில் எடுக்கிற பனைதான், கண்ணில் படுகிறது. லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த பலர் டவுனுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் பசியாறக் கடை திறக்கிற நேரம் மாறவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கே போனேன். அங்கே விடிய ஏழு ஆகிறது, எனவே நல்ல இருட்டு. வாழையிலையில் கட்டிய பொட்டலம் 2.50 வெள்ளி. தேங்காய்ப்பாலும் பாண்டான் என்கிற வாசனை இலையும் சேர்த்து வேகவைத்த சோறு, மேலே சம்பால் என்கிற மிளகாய் விழுது, பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, பாதி முட்டை. பிரித்ததும் வருகிற வாசனைக்கே பசி எடுக்கும். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெத்திலியை ஒதுக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சம்பாலிலேயே பெரும்பாலும் பெலாச்சான், அதாவது புளிக்க வைத்த இறால் விழுது, அரைத்துச் சேர்த்திருப்பார்கள். ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் குழம்பிலும் சில கடைகளில் மீன் குழம்பைக் கொஞ்சம் கலந்து விடுகிறார்கள். நம் ஆட்கள் கடையில் தமிழிலேயே கேட்கலாம், முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் தம்பி, இன்னும் மெல்லிசு. ஒன்று 1.80. தே தாரிக் என்கிற ஆற்றிய டீ 2.20. இதில் கெட்டிப்பால் (கண்டென்ஸ்டு மில்க்) ஊற்றி ஆற்றுவதால் இனிப்பு தூக்கலாக இருக்கும். "குராங் மானிஸ்" என்றால் சர்க்கரையைக் குறைத்துத் தருவார்கள். குடிக்கிற வெந்நீருக்கும் 30 காசு வாங்கினார்கள். ஏமாற்று வேலை இல்லை, அங்கே அதுதான் வழக்கம்.

மாலையில் வடைக்கடை. எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அதுதான். மூன்று பருப்பு வடை இரண்டு வெள்ளி, கூடவே முழுப் பச்சைமிளகாய். சட்னி கிடையாது. வடையை ஒரு கடி, மிளகாயை ஒரு கடி. என் பாட்டி இப்படித்தான் சாப்பிடுவார். எங்கள் ஊர்க் கடைகளில் சட்னி வந்த பிறகு அந்தப் பழக்கம் மறைந்துவிட்டது, கடல் தாண்டிப் போனவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு இடியாப்பம் விற்பவரும் வருவார். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தருவார், இரண்டரை வெள்ளி.

ஒருநாள் பக்கத்து ஊரான கோல கங்சாருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே லக்சா பெயர்பெற்றது. மீனை வேகவைத்து மசித்த குழம்பில் நூடுல்ஸ், ஒரு கிண்ணம் ஆறு வெள்ளி. எனக்கு அந்தப் புளிப்பு ஒத்துவரவில்லை. ஆனால் அந்த ஊரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. மலாயாவில் முதன்முதலில் நட்ட கன்றுகளில் ஒன்று. அத்தை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது வரலன்னா எங்கப்பா ஏன் வரப்போறாரு" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை.

நன்றாகச் சாப்பிட்ட ஒருநாள் கணக்கு இது. காலையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக்: 5.80. மதியம் வாழையிலைச் சாப்பாடு: 9. மூன்று வடையும் இரண்டு ஆப்பமும்: 4. செண்டோல் (தேங்காய்ப்பால், வெல்லப்பாகு, ஐஸ் சேர்த்த இனிப்பு): 3.50. இரவுச் சந்தையில் ஆறு குச்சி கோழி சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட கோழி) 6, கரும்புச் சாறு 3. ஆக 31.30 வெள்ளி, சுமார் 630 ரூபாய். கோலாலம்பூரில் சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் தெருவொன்றில் ஒரே வேளைக்கு 38 வெள்ளி கொடுத்திருந்தேன், ருசியும் இல்லை.

அன்றிரவு "இங்க எல்லாம் ரொம்ப மலிவு அத்தை" என்றேன். அவர் கோபப்படவில்லை. "உனக்கு மலிவு. எங்களுக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வருஷம் பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 வெள்ளியாக ஏறியிருந்தது. மாதம் 26 நாள் வேலை என்றால் ஒருநாளைக்கு 65 வெள்ளி. நான் தின்று தீர்த்தது அதில் ஏறக்குறைய பாதி. அதன்பிறகு விலையை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வடைக்கடை அக்காவிடம் பேரம் பேசுகிற எண்ணமும் போயிற்று. நீங்களும் அங்கே பேரம் பேசாதீர்கள். விலைப் பலகையில் உள்ளதைத்தான் உள்ளூர்க்காரர்களும் கொடுக்கிறார்கள்.

கிளம்பிய அன்று காலை ஆறு மணிக்கு அத்தையும் நானும் அதே கடைக்கு நடந்தோம். மூன்று பொட்டலம், 7.50 வெள்ளி. இரண்டை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். மூன்றாவதை அத்தை என் பைக்குள் வைத்தார். ரயில் நிலையத்துப் பெஞ்சில் அதைப் பிரித்தபோது சோறு இன்னும் சூடாக இருந்தது.