ஸ்டெல்வியோவில் 7 மீட்டர் வண்டி வேண்டாமே

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து இத்தாலியின் மெரானோ போகும் வழியில் 7 மீட்டர் மோட்டார்ஹோமை (வீடு போன்ற வசதியுள்ள வண்டியை) இத்தாலிய ஆல்ப்ஸில் உள்ள ஸ்டெல்வியோ கணவாயில் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நான் ஏற்ற மாட்டேன். 2757 மீட்டர் உயரம், அடிவார ஊரான பிராத்தோ பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். பல வளைவுகளில் எதிர்த்தடத்துக்குள் போகாமல் உங்கள் வண்டி திரும்பாது. கோடையில் பைக்குகளும் சைக்கிள்களும் வேறு.

அதற்குப் பதில் ஆஸ்திரியாவின் லாண்டெக் வழியாக, இத்தாலி எல்லையை ஒட்டிய ரெஷன் கணவாய்க்குப் போங்கள். உயரம் சுமார் 1500 மீட்டர்தான், சாலையும் அகலம். 1950-இல் அணைக்கட்டால் கிராமம் மூழ்கி, தேவாலயக் கோபுரம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரி வழியிலேயே வரும். அப்புறம் பிராத்தோ முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு, கோடைகாலப் பேருந்தில் ஸ்டெல்வியோ போய் வாருங்கள். ஓட்டுபவரும் நிம்மதியாக மலையைப் பார்க்கலாம்.

போன தடவை இறக்கத்தில் பிரேக் கருகிய வாடை வந்தது என்றீர்களே, அது சூடேறியதன் அறிகுறி. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகம் குறைந்ததும் விடுங்கள். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கிளம்பும் முன் பிரேக் திரவத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பழையது சீக்கிரம் கொதித்துவிடும்.

ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கான வின்யெட் (சுங்கக் கட்டண வில்லை) 3.5 டன் வரையுள்ள வண்டிகளுக்குத்தான். உங்கள் வண்டி அதைத் தாண்டுகிறதா என்று பதிவுப் புத்தகத்தில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைப் பாருங்கள்.