சாலிஸ்பரிக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வி பதில்

கே: ஜூலையில் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஸ்டோன்ஹெஞ்ச், சாலிஸ்பரி கதீட்ரல் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறாள். முடியுமா?
- வாசகி, கோவை

ப: முடியும். காலையில் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கல்வட்டம், மதியத்துக்கு மேல் சாலிஸ்பரி ஊரின் பெரிய தேவாலயமான கதீட்ரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செய்தால் கதீட்ரலின் மிக அழகான நேரமான மாலை வழிபாடு கைநழுவிவிடும்.

சனிக்கிழமையாக இருந்தால் நல்லது. ரயிலில் வார நாள் காலை நெரிசலுக்கான கூடுதல் கட்டணம் இராது. ஊர்ச் சந்தையும் அன்று கூடும் (இன்னொரு சந்தை நாள் செவ்வாய்). லண்டன் வாட்டர்லூவிலிருந்து நேரடி ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். பெரியவர்கள் மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து போனால் 'குரூப்சேவ்' சலுகையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். டிக்கெட் எடுக்கும்போதே அதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

ரயில் நிலைய வாசலிலிருந்தே ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பேருந்து உண்டு. நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருப்பார்கள், அதனால் முன்பதிவு செய்துவிடுங்கள். பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன; மையத்தின் வண்டியில் போகலாம். வழக்கமான சீட்டில் கற்களைத் தொட முடியாது, சுற்றி நடந்துதான் பார்க்கலாம். வெட்டவெளி என்பதால் ஜூலையிலும் காற்று பலமாக அடிக்கும், குடை நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப் போங்கள்.

கே: கதீட்ரலுக்குள் தவறவிடக் கூடாதது எது?
- வாசகர், திருநெல்வேலி

ப: எல்லோரும் இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனமான மாக்னா கார்ட்டாவைத் தேடி ஓடுவார்கள். பார்க்க வேண்டியதுதான். 1215-ஆம் ஆண்டு சாசனத்தில் இன்று எஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று இங்கே, சாப்டர் ஹவுஸ் என்னும் எண்கோண மண்டபத்தில் இருக்கிறது. ஆட்டுத்தோலில் பொடி எழுத்தில் எழுதிய லத்தீன். வெளிச்சம் குறைவு, படம் எடுக்க அனுமதி இல்லை.

ஆனால் அதற்கு முன் கட்டடத்தின் நடுவில், கூர்கோபுரத்துக்கு நேர் கீழே நின்று நான்கு பெரிய தூண்களையும் அடியிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். அவை வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். 1220-இல் தொடங்கி 1258-க்குள் முடித்த கட்டடத்தில் இவ்வளவு உயரமான கோபுரத்துக்குத் திட்டமே இல்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் 6,500 டன் எடையுள்ள மேற்கட்டுமானத்தை ஏற்றினார்கள். உயரம் 123 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயர்ந்த கூர்கோபுரம் இல்லை. அடித்தளத்தின் ஆழமோ ஏறத்தாழ 1.2 மீட்டர், அதுவும் ஈரமான சரளைமண் மேல். பாரம் தாங்காமல் தூண்கள் வளைந்தன, உச்சி சுமார் 75 சென்டிமீட்டர் சாய்ந்தது. 1668-இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் இதை ஆராய்ந்தார். இவ்வளவும் தெரிந்து அண்ணாந்து பார்க்கும்போது வரும் மலைப்பே வேறு!

வடக்குப் பக்கத்தில் 1386-ஆம் ஆண்டுக்குரியதாகச் சொல்லப்படும் இரும்புக் கடிகாரம் இருக்கிறது. முகப்பும் முள்ளும் கிடையாது. மணி அடிப்பது மட்டுமே அதன் வேலை.

கே: நாங்கள் இந்துக்கள். மாலை வழிபாட்டில் உட்காரலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா?
- வாசகி, மதுரை

ப: தாராளமாக உட்காரலாம். 'ஈவன்சாங்' எல்லோருக்கும் திறந்தது, கட்டணமும் இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆண்கள் தொப்பியை மட்டும் எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் மாலை 5.30-க்குத் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் (ஞாயிற்றுக்கிழமை நேரம் வேறு). கால் மணி முன்னதாகவே போய்விடுங்கள். மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். இதில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பதில்லை என்பதால் வாங்குவதா வேண்டாமா என்ற சங்கடமும் எழாது. பாட்டுக்கு நடுவே எழுந்து போவதுதான் பெரிய பிழை. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பலர் செய்கிறார்கள். ஏழு மணிக்குப் பிந்திய ரயிலாகத் திட்டமிடுங்கள்.

1991-இல் இங்கே சிறுமியர் பாடகர் குழு தொடங்கியது. இங்கிலாந்தின் பழைய கதீட்ரல்களுக்கு அது புதிது. கோடை விடுமுறையில் கதீட்ரலின் சொந்தக் குழு ஓய்வில் இருக்கும், வெளியூர்க் குழுக்கள் பாடும். சொந்தக் குழுவைக் கேட்க ஆசையென்றால் ஜூலைத் தொடக்கத்திலேயே போய்விடுங்கள்.

கே: மூட்டுவலி உள்ளவர்கள் கோபுரம் ஏறலாமா?
- வாசகர், சேலம்

ப: வேண்டாம். 332 படிகள், பெரும்பகுதி குறுகலான சுழல்படி. வழிகாட்டியோடு குழுவாக ஏறுவதால் நினைத்த இடத்தில் திரும்பவும் முடியாது. அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கீழே மடவளாகத்தில் (புல்வெளியைச் சுற்றிக் கூரையிட்ட நடைபாதை) செலவிடுங்கள்; நிழலான திண்டும், உட்கார்ந்தபடியே முழுக் கோபுரமும் தெரியும் புல்வெளியும் அங்கே உண்டு.