கொண்டோ படுத்துவிட்டது, மகன் எலெக்ட்ரிசியன் ஆகலாமா?

பன்னிரண்டாம் வகுப்பு மகன் பல்கலைக்கழகம் வேண்டாம், எலெக்ட்ரிசியன் ஆகப்போகிறேன் என்கிறான். ரொறொன்ரோவில் கொண்டோ (தனித்தனியாக விற்கும் அடுக்குமாடி வீடுகள்) கட்டுவதே நின்றுகொண்டிருக்கிற நேரத்தில் கட்டடத் தொழிலா என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். பயம் நியாயமானது. ஆனால் கட்டடத் தொழில்கள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்ட முடியாது.

கட்டத் தொடங்குமுன்பே ஏறத்தாழ 70 வீதமான வீடுகள் விற்றிருந்தால்தான் கொண்டோவுக்கு வங்கிக் கடன் கிடைக்கும். அப்படி முன்கூட்டி வாங்கியவர்களில் பெரும்பங்கு, வாடகைக்கு விட நினைத்த முதலீட்டாளர்கள். 2022 தொடக்கத்தில் 0.25 ஆக இருந்த மத்திய வங்கி வட்டிவீதம் 2023 ஜூலையில் 5 ஆனதும் அவர்கள் ஒதுங்கினார்கள். 2024இல் மத்திய அரசு வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது, வாடகையும் தளர்ந்தது. வட்டி இறங்கிய பிறகும் அவர்கள் திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். இன்று விற்காத கொண்டோ இரண்டு மூன்று வருடத்தில் இல்லாத வேலைத்தளம். கொங்கிரீட் அச்சு அடிக்கும் போர்மிங், உட்சுவர்ப் பலகை போடும் ட்ரைவோல், டைல் வேலை செய்பவர்களுக்குத்தான் இதில் முதல் அடி.

எலெக்ட்ரிசியனுக்கு வேறு வாசல்களும் உண்டு. ஒன்ராறியோ லைன் சுரங்க ரயில் இருக்கிறது. பிக்கரிங் அணுமின் நிலையத்தின் 5 முதல் 8 வரையான அலகுகளைப் புதுப்பிக்கும் திட்டம் இருக்கிறது. டார்லிங்டனில் நான்கு சிறு அணு உலைகளில் முதலாவதைக் கட்ட மாகாண அரசு 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது. பிக்கரிங்கும் டார்லிங்டனும் ஸ்காபரோ, ஏஜக்ஸ் பக்கமிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரம்தான். இந்த வேலைகள் வீட்டு வட்டியைப் பார்த்து நிற்பவை அல்ல.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது மகனின் பயிற்சி ஒப்பந்தத்தில் இருக்கும் தொழில் எண். 309ஏ என்றால் கட்டுமானமும் பராமரிப்பும்: ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, ரயில், வீடு எல்லாம் அதற்குள் வரும். 309சி என்றால் வீடும் பண்ணையும் மட்டும். வீடு கட்டுவது நின்றுவிடும் என்று பயப்படுகிறவர் 309சி எடுத்தால், பயந்த இடத்திலேயே பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியதாகும்.

309ஏக்கு மொத்தம் 9,000 மணித்தியாலம். 8,280 வேலைத்தளத்தில், 720 வகுப்பில். வகுப்பு மூன்று கட்டம், ஒவ்வொன்றும் 240 மணித்தியாலம், முழுநேரமாகப் போனால் எட்டு வாரம். எல்லாம் முடிய ஐந்து வருடம் போகும். பிறகு தகைமைச் சோதனை, தேற 70 வீதம். சம்பளம் பொதுவாகத் தேர்ந்த எலெக்ட்ரிசியனுடைய கூலியின் 40 வீதமளவில் தொடங்கிப் படிப்படியாக ஏறும்.

கல்லூரியில் விண்ணப்பம் போட்டால் பயிலுனர் ஆகிவிடலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. முதலில் ஒரு நிறுவனமோ தொழிற்சங்கமோ அவனைப் பொறுப்பேற்க வேண்டும். அவர்களோடு பயிற்சி ஒப்பந்தம் கையெழுத்தாகி, தொழிற்பயிற்சிகளைப் பதியும் மாகாண நிறுவனமான ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவில் பதிவான பிறகுதான் வகுப்புக்கு இடம் வரும். இரண்டு வருட எலெக்ட்ரிக்கல் டிப்ளோமா மட்டும் லைசென்ஸ் தராது. அதை எடுத்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று காத்திருந்தவர்கள், பிறகு மணித்தியாலக் கணக்கைப் பூச்சியத்துக்குப் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

அடுத்த பொறி நமக்குள்ளேதான். தெரிந்த ஒருவரின் கொம்பனியில் கைக்காசுக்கு உதவியாளாக நிற்பது. இது பதிவு கட்டாயமான தொழில். பதிவில்லாமல் வயர் தொடுவதே சட்டமீறல், அந்த மணித்தியாலங்களும் கணக்கில் சேராது. இன்னும் சிலர், “சொந்தமாகப் பிசினஸ் நம்பர் எடுத்துவா” என்பார்கள், அதாவது ஊழியராக அல்ல, தனி ஒப்பந்தக்காரராக. ஒத்துக்கொள்ள வேண்டாம். மாதச் சம்பளச் சிட்டையில் ஈஐ (வேலையில்லாக் காலக் காப்புறுதி) பிடிக்கப்பட வேண்டும், வருட முடிவில் டி4 என்ற சம்பளப் பத்திரம் வர வேண்டும். ஏனென்றால் அந்த எட்டு வார வகுப்புக் காலத்தில் சம்பளம் இருக்காது. போதிய மணித்தியாலம் ஈஐ கட்டியவனுக்குச் சம்பளத்தின் 55 வீதம், உச்சவரம்புக்குள், வரும். வகுப்புக்கு அழைக்கும்போது தரும் குறியீட்டு எண்ணைப் போட்டு விண்ணப்பித்தால், பணம் வராத காத்திருப்பு வாரம் முழுப் பயிற்சிக்கும் ஒரே ஒரு முறைதான். கைக்காசுக்காரனுக்கு இது எதுவும் இல்லை.

மணித்தியாலக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதலாளியிடம் கையெழுத்தாக வாங்கி வைக்கட்டும். மந்தக் காலத்தில் சிறு கொம்பனிகள் மூடிவிடும், பிறகு யாரைத் தேடுவது?

காசு விஷயம் சுருக்கமாக. ஒவ்வொரு வகுப்புக் கட்டத்துக்கும் 4,000 டொலர் வரை, மொத்தம் 20,000 வரை, வட்டியில்லாத மத்திய அரசுக் கடன் உண்டு. மத்திய அரசின் பயிலுனர் மானியங்கள் 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டன. இன்னும் தருகிறார்கள் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

இந்த வருடமே செய்யக்கூடியது: பாடசாலை வழிகாட்டி ஆசிரியரிடம் ஓயாப் (மாணவர்களுக்கான ஒன்ராறியோ பயிலுனர் திட்டம்) என்று கேளுங்கள். 11, 12ஆம் வகுப்பிலேயே கோ-ஓப் என்ற பாடசாலை வேலை அனுபவப் பாடம் மூலம் பயிலுனராகப் பதியவும் மணித்தியாலம் சேர்க்கவும் வழி இருக்கிறது. கணிதத்தையும் இயற்பியலையும் மட்டும் விடவிடாதீர்கள். சட்டத்துக்குப் பத்தாம் வகுப்பு போதும், ஆனால் சங்கமும் பெரிய கொம்பனிகளும் அந்த இரண்டு பாடத்தையும்தான் முதலில் பார்க்கும். மனம் மாறிப் பொறியியல் போனாலும் அதே பாடங்கள்தான். ஓட்டுநர் அனுமதி எடுக்கட்டும், வேலைத்தளம் காலை ஏழு மணிக்குத் தொடங்கும், பஸ் அங்கே போகாது. உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம், அது மூன்று வருடம் செல்லுபடியாகும். அதை முடித்துக்கொண்டு போனால் நேர்முகத்தில் ஒரு கேள்வி குறையும்.

பொறுப்பேற்க யாராவது முன்வந்ததும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதிவு எந்த எண்ணில், எந்தத் திகதியில்? போன வருடம் நீங்கள் செய்த வேலையில் கொண்டோ எவ்வளவு பங்கு? இரண்டாவதுக்குப் பதில் “முக்கால்வாசி” என்றால், இன்னொரு இடத்துக்கும் விண்ணப்பம் போடட்டும்.