உங்களுக்கு மிகவும் பிடித்த ஃபோக் பாடகர் யார்? அவரைப் பற்றி ரசிகர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் செய்திகள் என்னென்ன?

சிக்ஸ்டோ ரொட்ரீகஸ். யோசிக்கவே வேண்டாம், அவர்தான்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்காரர். 1942 ஜூலை 10 அன்று பிறந்தார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிதாரை மீட்டிக்கொண்டு பாடியவர். 1970இல் ‘கோல்டு ஃபேக்ட்’, 1971இல் ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ என்று இரண்டு ஆல்பங்கள் வந்தன. அமெரிக்காவில் இரண்டையும் வாங்க ஆளில்லை. சசெக்ஸ் என்ற நிறுவனம்தான் வெளியிட்டது. அது அவரைக் கைவிட்டது, 1975இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. அவர் பழைய கட்டிடங்களை இடிக்கிற வேலைக்கும் வீடுகளைச் சீர்படுத்துகிற வேலைக்கும் போய்விட்டார். மூன்றாவது ஸ்டூடியோ ஆல்பத்துக்காகப் பதிவு செய்யத் தொடங்கி, மூன்று பாட்டுகளோடு நின்றுபோனது.

இதுவரைக்கும் எத்தனையோ கலைஞர்களுக்கு நடந்ததுதான். இதற்குப் பிறகு நடந்தது வேறு யாருக்கும் நடக்கவில்லை, அதை நடத்திக் காட்டியவர்கள் ரசிகர்கள். ஆகவே உங்கள் கேள்வியின் இரண்டு பாதியையும் இவர் விஷயத்தில் பிரிக்கவே முடியாது. சின்னச் சின்னத் தகவல்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட ரசிகர்களால்தான் இந்த மனிதர் கண்டுபிடிக்கப்பட்டார்.

எழுபதுகளில் ‘கோல்டு ஃபேக்ட்’ தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. நிறவெறி ஆட்சிக் காலம். வெள்ளை இன இளைஞர்களைக் கட்டாய ராணுவச் சேவைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊழல் மேயர், கெட்டுப்போன நகரம், போதைப் பொருள் விற்பவன், தனிமை என்று எதையும் பூசி மெழுகாமல் பாடிய இந்தக் குரல், அந்த இளைஞர்களிடையே கேசட்டில் கைமாறிக்கொண்டே இருந்தது. அரசு ஒலிபரப்புக் கழகத்தின் காப்பகத்தில் இருந்த இசைத்தட்டில், தடைசெய்த பாட்டு வரும் இடத்தை யாரும் ஒலிபரப்ப முடியாதபடி கூரான எதையோ கொண்டு கீறியே வைத்திருந்தார்கள். அந்தத் தட்டை, பின்னாளில் இவரைப் பற்றி வந்த ஆவணப்படத்தில் காட்டுகிறார்கள். பார்க்கவே மனம் பதறும். அந்த நாட்டில் ஐந்து லட்சம் பிரதிகள் விற்றிருக்கலாம் என்பது அங்குள்ள இசைத்துறையினரின் மதிப்பீடு. டெட்ராய்டில் சுத்தியலும் கையுமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதிலிருந்து பணமும் வரவில்லை, தகவலும் வரவில்லை.

அங்கிருந்த ரசிகர்களிடம் பாட்டு இருந்தது, ஆளைப் பற்றி எதுவும் இல்லை. உறையில் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர், அவ்வளவுதான். பாடலாசிரியர் பெயரைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். ஓரிடத்தில் ஹீசஸ் ரொட்ரீகஸ், ஓரிடத்தில் சிக்ஸ்த் பிரின்ஸ். அதற்கும் முன்னால், 1967இல் வந்த முதல் சிங்கிளில் ராட் ரிகெஸ் என்று பெயரையே உடைத்துப் போட்டிருந்தார்கள். தகவல் இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது. மேடையிலேயே தனக்குத் தீ வைத்துக்கொண்டார் என்றார்கள். இல்லை, மேடையில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார் என்றார்கள். ஒரு தலைமுறையே அவர் செத்துவிட்டார் என்று நம்பி, அந்த நம்பிக்கையோடுதான் பாட்டைக் கேட்டது.

இதை மாற்றியது ஓர் உறைக்குறிப்பு. 1996இல் இரண்டாவது ஆல்பம் தென்னாப்பிரிக்காவில் சிடியாக வந்தபோது, அதற்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் ஸ்டீவன் செகர்மன் என்ற கேப்டவுன் ரசிகர். ரொட்ரீகஸின் ‘ஷுகர் மேன்’ பாட்டின் பெயரை வைத்து நண்பர்கள் அவரை ‘ஷுகர்’ என்றே கூப்பிடுவார்கள். இந்தப் பாடகரைப் பற்றி எந்தத் தகவலும் கிடைக்கவில்லை, துப்பறியக்கூடிய இசை ஆர்வலர்கள் யாராவது இருக்கிறீர்களா என்கிற பாணியில் அதில் கேட்டிருந்தார். கிரெய்க் பார்த்தலமியூ ஸ்ட்ரைடம் என்ற பத்திரிகையாளர் அந்த அழைப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். 1997இல் செகர்மனும் நண்பர்களும் ரொட்ரீகஸைத் தேடுவதற்கென்றே ஓர் இணையப் பக்கம் தொடங்கினார்கள். அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளின் படத்தைப் பால் பெட்டியில் அச்சிடுவார்கள் இல்லையா, அதேபோல ரொட்ரீகஸின் முகத்தைப் பால் பெட்டியில் போட்டு அந்தப் பக்கத்தில் வைத்தார்கள்.

துப்பு எங்கே கிடைத்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். ஸ்ட்ரைடம் பாடல் வரிகளில் வரும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனார். பல பெயர்கள் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ‘இன்னர் சிட்டி புளூஸ்’ பாட்டில் டியர்பார்ன் என்று ஓர் ஊர் வருகிறது. எத்தனையோ பேர் எத்தனையோ முறை கேட்டுக் கடந்துபோன பெயர். வரைபடத்தில் தேடிப் பார்த்தால் டெட்ராய்டை ஒட்டியே இருக்கிறது, ஃபோர்டு கார் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர்களில் ஒருவரான மைக் தியடோரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். ரொட்ரீகஸ் எப்படி இறந்தார் என்று கேட்டால், அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று பதில் வருகிறது.

மறுபக்கம், அந்த இணையப் பக்கத்தை ரொட்ரீகஸின் மகள் ஈவா பார்த்துவிட்டு, அவர் என் அப்பா என்று எழுதிப் போட்டார். கொஞ்ச நாளில் ஓர் இரவு செகர்மன் வீட்டில் தொலைபேசி அடித்தது, எதிர்முனையில் ரொட்ரீகஸே பேசினார். 1998 மார்ச்சில் தென்னாப்பிரிக்கா போய் ஆறு கச்சேரிகள் செய்தார். முதல் கச்சேரியின் பதிவைத் தேடிப் பாருங்கள். இசைக்குழு வாசித்துக்கொண்டே இருக்கிறது, கூட்டத்தின் ஆரவாரத்தில் அவரால் பாட்டைத் தொடங்கவே முடியவில்லை. அமைதியாக நின்று எல்லோரையும் பார்க்கிறார். அப்புறம் டெட்ராய்டுக்குத் திரும்பி, பழைய வேலைக்கே போனார்.

சரி, இந்தக் கதை 2012இல் வந்த ‘சர்ச்சிங் ஃபார் ஷுகர் மேன்’ ஆவணப்படத்தால் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அந்தப் படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

அவர் ஆஸ்திரேலியாவில் தொலைந்துபோகவே இல்லை. எழுபதுகளில் சிட்னி வானொலி ஒன்றில் அவர் பாட்டு ஒலித்து, கேட்டவர்கள் விடாமல் விசாரிக்கத் தொடங்கினார்கள். புளூ கூஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் விற்காமல் கிடந்த பிரதிகளை வாங்கி அங்கே விற்றது, 1977இல் ஒரு தொகுப்பையும் கொண்டுவந்தது. அந்த நின்றுபோன மூன்று பாட்டுகள் அதில்தான் வெளியாயின. 1979இல் அவரே அங்கே போய்ப் பாடினார். 1981இல் மறுபடியும் போனார், அந்த முறை மிட்நைட் ஆயில் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவோடு சேர்ந்து. முதல் பயணத்தில் பதிவு செய்த கச்சேரி ‘ரொட்ரீகஸ் அலைவ்’ என்ற பெயரில் 1981இல் வந்தது. இறந்துவிட்டார் என்ற பேச்சுக்குப் பதிலாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று ரசிகர்கள் சொல்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். ‘உயிரோடு’ என்று உறையிலேயே அச்சிட்ட தட்டு ஒரு நாட்டுக் கடையில் இருக்கிறது. அதன் பிறகும் பதினைந்து வருடத்துக்கு மேல் இன்னொரு நாட்டு ரசிகர்கள் அவருக்காகத் துக்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். தணிக்கை ஒரு காரணம். வெளிநாட்டுக் கலைஞர்கள் நிறவெறி அரசைப் புறக்கணித்திருந்தது இன்னொரு காரணம். ஆனாலும் ஒரு சிட்னி ரசிகருக்கும் ஒரு கேப்டவுன் ரசிகருக்கும் இடையே ஒரே ஒரு கடிதம் போயிருந்தால் போதும். அவருக்கு ஐம்பத்தைந்து வயதில் கிடைத்த அந்த மேடை நாற்பதுகளிலேயே கிடைத்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ‘இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்குமே’ என்று எண்ணி ஒரு தகவலைச் சொல்லாமல் விடுவது எனக்கு முடியாமல் போனது இதனால்தான்.

படம் இந்தப் பகுதியை விட்டுவிட்டது என்று பலருக்குக் கோபம் உண்டு. எனக்கும் வருத்தம்தான். ஆனால் படத்தை எடுத்த மாலிக் பென்ஜெலூல் என்ற ஸ்வீடன் இளைஞர்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. கையில் பணம் தீர்ந்ததும் கைபேசியில் ஒரு செயலியை வைத்து மீதிக் காட்சிகளை எடுத்து முடித்தவர். 2013இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. அன்றைக்கு ரொட்ரீகஸ் விழாவுக்குப் போகவில்லை. பெருமை படமெடுத்தவர்களுக்குப் போகட்டும் என்று ஒதுங்கிவிட்டார். மாலிக் அடுத்த ஆண்டே 36 வயதில் காலமானது பெரிய சோகம்.

ரசிகர்கள் சந்தித்தால் பேசிக்கொள்ளும் வேறு சில செய்திகள். ‘கோல்டு ஃபேக்ட்’ ஆல்பத்தில் உள்ள 12 பாட்டுகளும் அவர் எழுதியவை என்று பலர் பகிர்கிறார்கள், அது சரியில்லை. ‘ஹேட் ஸ்ட்ரீட் டயலாக்’, ‘கொமோரா’ இரண்டையும் எழுதியது அவரல்ல. தியடோரும் டென்னிஸ் காஃபியும் கேரி ஹார்வி என்பவரோடு சேர்ந்து எழுதினார்கள். இந்தக் காஃபி, மோடவுன் என்ற டெட்ராய்ட் இசை நிறுவனத்தின் எத்தனையோ புகழ்பெற்ற பாட்டுகளில் கிதார் வாசித்தவர். டெட்ராய்ட் ஆற்றங்கரையில் ஒரு மதுக்கடையில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடிய ரொட்ரீகஸை அவரும் தியடோரும்தான் கேட்டுக் கூட்டி வந்தார்கள். இரண்டாவது ஆல்பம் டெட்ராய்டில் பதிவானதே இல்லை, அது லண்டனில் ஸ்டீவ் ரோலண்ட் தயாரித்தது. ஒலியில் இருக்கும் வித்தியாசத்துக்கு அதுதான் காரணம். முதல் ஆல்பத்தில் தெருவின் கரகரப்பு, இரண்டாவதில் வயலின்களும் மென்மையும். எனக்கு முதலாவதுதான் ஒரு படி மேல்.

அவர் படிப்பையும் விடவில்லை. கூலி வேலைக்குப் போய்க்கொண்டே வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து 1981இல் பட்டம் வாங்கினார். 2013இல் அதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. உழைக்கும் மக்களுக்காகப் பேச வேண்டும் என்று டெட்ராய்ட் நகரத் தேர்தல்களில் பல முறை நின்றார், ஜெயிக்கவில்லை. எழுபதுகளில் அரசு ஏலத்தில் 50 டாலருக்கு வாங்கிய வீட்டில், விறகு அடுப்போடு, புகழ் வந்த பிறகும் குடியிருந்தார். கச்சேரியில் வந்த பணத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டார் என்று மகள் படத்தில் சொல்கிறார். வயதான காலத்தில் கிளாக்கோமாவால் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டியிருந்தது, அப்படியும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். 2023 ஆகஸ்ட் 8 அன்று, 81ஆம் வயதில் காலமானார்.

இவரைப் பற்றி எதையாவது பகிரும்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அது தட்டின் உறையில் இருக்கிறதா, அவரோ கூட வேலை பார்த்தவரோ வாயால் சொன்னதா, படத்தில் வந்ததா, ரசிகர்கள் பேச்சா என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவேன். வதந்தியால் ஒரு முறை கொல்லப்பட்ட மனிதருக்கு இந்த அளவு கவனமாவது நாம் தர வேண்டும். உதாரணத்துக்கு, ‘காஸ்’ என்ற பாட்டு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு வேலை போனது என்று தொடங்கும். அதே மாதிரி கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்புதான் சசெக்ஸ் அவரை விலக்கியது என்பது படத்தில் வரும் செய்தி. அதைப் படத்தில் வந்தது என்று சொல்லியே பகிர்கிறேன்.

கேட்கத் தொடங்குகிறீர்கள் என்றால் ‘ஐ வொண்டர்’, அடுத்து ‘குரூசிஃபை யுவர் மைண்ட்’, அதன் பிறகு ‘இன்னர் சிட்டி புளூஸ்’. படத்தை அப்புறம் பாருங்கள், முதலில் பாட்டு. 2008க்குப் பிறகு வந்த மறுபதிப்புகளில் ஒலித் தரமும் நன்றாக இருக்கிறது, எழுதியவர்கள் பெயரையும் பார்க்கலாம். 1979, 1981 ஆஸ்திரேலியப் பயணங்களின் டிக்கெட், சுவரொட்டி, செய்தித்தாள் நறுக்கு எதுவாவது உங்கள் கையிலோ தெரிந்தவர் வீட்டிலோ இருந்தால், படம் எடுத்து இந்தப் பதிலின் கீழே போடுங்கள். அந்த இரண்டு பயணங்களைப் பற்றி எவ்வளவு தகவல் கிடைத்தாலும் எனக்கு வேண்டும்.